அன்னம்மாள் ஊற்றிய தண்ணீர்

1

உபதேசியார் சந்தியாகுவே, விபூதிப் புதன் அன்று நம்மூர்க் கோவிலில் முழங்காலில் நின்ற என் மகள் தெரேசாளைத் தோளைப் பிடித்துத் தூக்கி வரிசைக்கு வெளியே தள்ளியது நீர்தான். "இவள் இன்னும் ஞானஸ்நானம் வாங்காத அஞ்ஞானி, இவளுக்கு விபூதி கிடையாது" என்று சொன்னதும் நீர்தான். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

இதை உமக்குத் தனியாக எழுதியிருக்கலாம். எழுதினால் மடித்து மடியில் செருகிக்கொள்வீர், அதோடு முடிந்தது. இந்த வேதப் பத்திரிகையை மாதாமாதம் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் உரக்க வாசிக்கிற வழக்கம் நம்மூரில் இன்னும் உண்டு என்று கேள்விப்பட்டேன். வாசிக்கிறவரும் நீர்தானாம். ஆகவே இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கம் வரும்போது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடாதீர். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள்.

நான் அருளப்பன், மேலத்தெரு அந்தோணியின் இளைய மகன். கண்டிச்சீமையில், பதுளைக்கு அரைநாள் நடைதூரத்தில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். வயதேறிய தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் மட்டத்துக்குத் தறித்துவிடுவதுதான் கவ்வாத்து. மீசை முளைக்காத வயதில் வந்தவன், இப்போது மீசை நரைத்துவிட்டது. எனக்கு நயமாக எழுத வராது. எழுத்துப் படித்தது உம்மிடம். பிரம்படி வாங்கியதும் உம்மிடம். நயத்தை நீர் சொல்லித்தரவில்லை.

2

சேதியைக் கொண்டுவந்தவன் சூசை. நம்மூர்ப் பையன்தான், எனக்குத் தூரத்து மருமகன் முறை. கங்காணி இந்த முறை ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்களோடு வந்தான். கப்பலேறும் முன் முகாமில் அடைத்துவைத்து, மேலெல்லாம் மருந்துத் தண்ணீர் ஊற்றி, மாட்டைப் பார்ப்பதுபோல் பல்லைப் பிடித்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாற்றம் போகவில்லை என்று லயத்துக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தான். லயம் என்பது எங்கள் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

"மாமா, ஒங்க மக விசயம் ஒண்ணு இருக்கு. சொல்லவா வேணாமா?"

"இவ்வளவு சொன்னப்புறம் என்னடா வேணாமா? சொல்லு."

சொன்னான். தெரேசாளைப் போன கார்த்திகையில் ஊருக்கு அனுப்பினேன். என் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணியின் தம்பி மகனுக்கு அவளைப் பேசி முடித்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு. கோவிலில் கூறுகிற கல்யாண ஓலைக்காக உபதேசியார் விசாரிக்கிறபோதுதான் வந்தது வினை.

"'ஒனக்கு யாரு பாப்பா ஞானஸ்நானம் குடுத்தது'ன்னு கேட்டாரு மாமா. அது பட்டுன்னு 'அன்னம்மா ஆத்தா'ன்னு சொல்லிருச்சு. பெருமையா வேற சொல்லுது. 'அன்னம்மாளா? எந்தத் தெரு?'ன்னாரு."

"என்ன சொன்னா?"

"'மூணாவது லயமுங்க'ன்னுச்சு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம். சூசையும் சிரித்திருப்பான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் மகள் இங்கே பிறந்தவள். தெரு எது என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது வேறு என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அவள் பேச்சையே ஊரில் கேலி செய்கிறார்களாம். சுவாமியாரைப் பார்த்து, துரைக்குச் சொல்வதுபோல, "சலாமுங்க" என்றாளாம். பெண்களெல்லாம் முக்காட்டுக்குள் சிரித்தார்களாம். கண்டிக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் இங்கே இருந்தபோது ஊர்க்காரர் மகள். ஊருக்குப் போனதும் கண்டிக்காரி ஆகிவிட்டாள்.

அதன் பிறகு உபதேசியார் ஓயவில்லை. அன்னம்மாள் யார், அவள் அப்பன் யார் என்று ஊர் ஊராய்க் கேட்டு, பக்கத்து ஊர்ச் சேரியில் பிறந்தவள் என்று கண்டுபிடித்தார். பிறகுதான் விபூதிப் புதன் வந்தது.

3

இங்கே பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

விடியுமுன் தப்பு அடிக்கும். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. நின்றபடியே வாய்க்குள் காலைச் செபம் சொல்லிக்கொள்வோம். பாதிச் செபத்தில் கங்காணி பேர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு மீதியைச் சொல்வோம். சர்வேசுரனுக்கு இது பழகிப்போயிருக்கும்.

ஒருசந்தி என்றால் ஊரில் உங்களுக்கு நிழலில் உட்கார்ந்து இருப்பது. இங்கே காலையில் ரொட்டி இல்லாமல் மலை ஏற வேண்டும். மாசி பங்குனியில் மழை பெய்தால் கொழுந்து வெறிபிடித்தாற்போல் வரும். பெண்கள் கூடை நிறையாவிட்டால் ஏச்சு வாங்குவார்கள். எங்கள் பெண்கள் நாற்பது நாளும் ஒரே வேளைச் சோறு சாப்பிட்டுக் கொழுந்து எடுக்கிறார்கள். மயங்கி விழுந்தால் கணக்கப்பிள்ளை "என்ன, சாராயமா?" என்று கேட்பார்.

அதே நாட்களில் லயத்தில் காமன் கூத்து. இந்து சனங்கள் மாசி அமாவாசை கழிந்ததும் காமனை நட்டு, பௌர்ணமி வரை தப்படித்துப் பாட்டுப் பாடுவார்கள். நாங்கள் ஓர் அறைக்குள் வியாகுல மந்திரம் சொல்வோம். சுவருக்கு அந்தப்பக்கம் ரதி ஒப்பாரி வைப்பாள். இரண்டும் அழுகைதான், ஒன்றோடொன்று கலந்துவிடும். போன வருஷம் ரதி வேஷம் கட்டியவன் என் மூத்த மகன். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

"ஏண்டா, தபசுகாலத்துல சேலையைக் கட்டிக்கிட்டு ஆடுறியே, வெக்கமாயில்ல?"

"யப்பா, ஒங்க பாட்டுல ஆடச் சொன்னா அதுலயும் ஆடுறேன். அதுல ஆட்டமே இல்லியே."

அடித்திருப்பேன். கை ஓங்கினேன், அவன் மனைவி குறுக்கே வந்துவிட்டாள். அவனுக்கு வேதம் என்றால் தகப்பன் போடுகிற சத்தம், அவ்வளவுதான். இவனை வைத்துக்கொண்டு உபதேசியார் "கண்டிச்சீமைக்காரர் வேதத்தை விட்டவர்கள்" என்று பிரசங்கம் செய்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அவர் பிடித்தது வேதத்தை விடாதவளை.

எங்களுக்குக் கோவில் கிடையாது. கவ்வாத்துக் கத்திகளும் மண்வெட்டிகளும் போட்டுவைத்திருந்த பழைய கொட்டில் ஒன்றைத் துரை கொடுத்தார். அதில் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் ஒன்றை மாட்டியிருக்கிறோம். நம்மூர்க் கோவிலில் நடுவே குறுக்காக ஒரு கிராதி உண்டே, சிறுவயதில் அது ஆடு உள்ளே வராமல் தடுக்க என்று நினைத்திருந்தேன். கிராதிக்கு அந்தப்பக்கம் சேரி மனிதர்கள் நிற்பதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கொட்டிலில் கிராதி போட இடமில்லை. கூரை முன்பக்கம்தான் ஒழுகும். மழைநாளில் முதலிடம் யாருக்கும் வேண்டாம்.

4

உபதேசியார் ஊரில் சொல்லிச் சிரிக்கவைக்கிற இன்னொரு கதை உண்டு. பாஸ்கு அன்று பட்டினி கிடந்த கண்டிச்சீமைக்காரர் கதை. அது எங்கள் கதைதான். பொய்யில்லை. ஆனால் முழுவதையும் நான் சொல்கிறேன்.

பதுளைச் சுவாமியார் வருஷத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோ குதிரையில் வருவார். தபசுகாலம் எப்போது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவார். அந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. எங்களிடம் பஞ்சாங்கம் ஏது? ஆனால் எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. சிவராத்திரி கழிந்து வருகிற புதன்தான் விபூதிப் புதன். பல வருஷம் பார்த்து வைத்த கணக்கு, தப்பியதே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக் கறுப்பையாவிடம் கேட்போம். அவன் மாரியம்மன் கோவில் பூசாரிக்குக் கையாள்.

"கறுப்பையா, ஒங்க சிவராத்திரி எப்ப?"

"ஏன் அருளப்பா, கண்ணு முழிக்க வர்றியா?"

"ஒன் சாமி தூங்கி எந்திரிச்சாத்தானே எஞ்சாமிக்கு நோம்பு ஆரம்பம். நாளைச் சொல்லு."

சிரித்துக்கொண்டே சொல்வான். அந்த வருஷமும் சொன்னான். அந்தப் புதன்கிழமையே அடுப்புச் சாம்பலை எடுத்து ஒருவர் நெற்றியில் ஒருவர் இட்டுக்கொண்டு ஒருசந்தியை ஆரம்பித்தோம்.

பாஸ்கு வெகு சீக்கிரமாய் வருகிற வருஷங்களில் இந்தக் கணக்கு ஒரு மாதம் தவறிப்போகும். அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஆரம்பித்தபோதே மற்றவர்களுக்குத் தபசுகாலம் முடியப்போகிற நேரம். அவர்கள் அல்லேலூயா பாடினபோது நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். ஆண்டவர் உயிர்த்துப் போய்விட்டார், நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் அவரைக் கல்லறைக்கு அனுப்பத் தயார்செய்துகொண்டிருந்தோம்.

அந்தப் பட்டினி நாட்களுக்குள்தான் தெரேசாள் பிறந்தாள்.

என் மனைவி மதலேனாள் அன்று காலைகூடக் கொழுந்துக்குப் போனாள். மலையில் நோவு கண்டு, இரண்டு பெண்கள் கைத்தாங்கலாய் இறக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை பிறந்தது, அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. நான் வாசலில் நின்றேன். உள்ளே அன்னம்மாள் இருந்தாள். மதலேனாளைப்போல அவளும் கொழுந்தெடுப்பவள். ஆபத்து நேரத்தில் எப்படித் தண்ணீர் ஊற்ற வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று பதுளைச் சுவாமியார் எங்கள் பெண்களில் அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அவளுக்குத்தான் கை நடுங்காது என்றார்.

தகரப்போணியிலிருந்து தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள். "தெரேசாளே, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்" என்றாள். சத்தமாய், ஒரு வார்த்தை தவறாமல். பேரையும் அவளே வைத்தாள், எங்களிடம் கேட்க நேரமில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதது.

"அப்பனே, மோச்சத்துக்கு அனுப்பலாமுன்னு ஊத்துனேன். இது ஒங்க வீட்டுக்கே திரும்பி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

5

எங்கள் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. துரையிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கியிருந்தோம். கொட்டிலில் முழங்காலில் நின்று ஐந்து காயச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே குதிரைச் சத்தம். காய்ச்சல் தெளிந்து சுவாமியார் வந்திருந்தார். மெலிந்து, குச்சியாய் இருந்தார்.

"என்ன இது? யார் செத்தது?"

"சேசுநாதருங்க சாமி" என்றான் ஒருவன்.

சுவாமியாருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், இன்று பெரிய வெள்ளிக்கிழமை என்று. அவர் சிரித்துவிட்டார். "அட மடையர்களே, பாஸ்கு போய் மாதத்துக்கு மேலாயிற்றே!" என்றார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். பெண்களின் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. பிள்ளை பெற்றவளும் ஒருசந்தி இருந்தாள், சொன்னால் கேட்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

அன்னம்மாள்தான் கேட்டாள். "அப்ப நாங்க பட்டினி கெடந்தது வீணாங்க சாமி?"

அவர் மண்வெட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, "யார் வீட்டிலாவது சோறு ஆக்குங்கள். கருவாடு இருந்தால் போடுங்கள். நான் முதலில் சாப்பிடுகிறேன், பிறகு எல்லாரும் சாப்பிடுங்கள்" என்றார். அன்னம்மாள் வீட்டில்தான் அடுப்பில் நெருப்பு இருந்தது. அவள் சோறு வடித்தாள். அவர் எங்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்.

உபதேசியாரே, நீர் சிரிக்கிற கதையில் இந்தச் சோறு வராது.

சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளையைக் காட்டினோம். சுவாமியார் அன்னம்மாளை நிறுத்திவைத்து விசாரித்தார். எந்தத் தண்ணீர்? எங்கே பட்டது? என்ன சொன்னாய், திரும்பச் சொல். அவள் சொன்னாள். எந்தத் தெரு என்று மட்டும் அவர் கேட்கவில்லை. உப்பும் தைலமும் வைத்து மற்றச் சடங்குகளை முடித்தார். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. "அது ஆகிவிட்டது. ஆனதை மறுபடி செய்வது பாவம்" என்றார். பின்னால் தெரேசாள் பதுளையில் முதல் நன்மையாகிய நற்கருணை வாங்கினாள். ஊருக்குப் போகும்போது ஞானஸ்நானச் சீட்டையும் கொண்டுபோனாள். உபதேசியார் அதைப் பார்த்தார், முத்திரையையும் பார்த்தார். அவருக்குச் சீட்டின் மேல் சந்தேகமில்லை. ஊற்றின கைதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆபத்து வேளையில் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? நீர். நான் "சுவாமியார் மட்டும்" என்று தப்பாய்ச் சொன்னதற்கு உள்ளங்கையில் அடித்தவர் யார்? நீர். அந்தப் பாடத்தில் சேரிக்காரி நீங்கலாக என்று ஒரு வரி இருந்ததா? இருந்தால் நான் படித்தபோது ஏன் விட்டுவிட்டீர்?

6

சூசையிடம் என் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தார். உபதேசியார் ஒரு வழி வைத்திருக்கிறாராம். பாஸ்குக்கு முந்தின பெரிய சனிக்கிழமை, புதுத் தண்ணீர் மந்திரிக்கிறபோது, மற்ற அஞ்ஞானிகளோடு தெரேசாளும் நின்று ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவாமியாரிடம் தாமே பேசிக்கொள்வாராம். நம்மூர்ச் சுவாமியார் வெள்ளைக்காரர், அநேக ஊர்களுக்கு ஒருவர். உபதேசியார் வாய்தான் அவருக்குக் காது. அதை வாங்கிவிட்டால் கல்யாணம் தடையில்லை. "தண்ணிதானே, இன்னொரு தரம் ஊத்துனா என்ன கொறைஞ்சு போச்சு" என்கிறார் அண்ணன்.

தெரேசாள் மாட்டேன் என்றாளாம். சூசையிடம் சொன்னாளாம்: "ஒரு தரம் ஊத்துனது போதும்னு எங்கப்பாட்ட சொல்லுங்க. அந்த ஆத்தாவ இல்லைன்னு சொல்லிட்டு எனக்குத் தாலி வேணாம்."

எனக்குப் பெருமையாய் இருந்தது. மதலேனாளுக்கு இல்லை. அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அவளுக்கு அங்க ஆரு இருக்கா? மாப்பிள வீட்டுக்காரங்க எத்தன நாளைக்குப் பொறுப்பாங்க? ஒங்க கோவத்த வச்சுத் தாலி கட்ட முடியுமா?"

"ரெண்டாந்தரம் ஊத்துறது பாவம்டி."

"பாவத்த நான் சொமக்குறேன். பிள்ளைய வாழ விடுங்க."

இந்தத் தபசுகாலம் முழுக்க அவள் என்னோடு செபமாலை சொல்லவில்லை. தனியாய்ச் சொல்கிறாள். என் செபமும் நன்றாயில்லை. பரலோக மந்திரத்தில், எங்கள் கடன்காரருக்கு நாங்கள் பொறுப்பதுபோல என்கிற இடம் வரும்போது வாய் நின்றுவிடுகிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு மீதியைச் சொல்கிறேன். அது செபம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய்யாய்ச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மேல்.

நேரில் போய் நிற்கலாம் என்று லீவு கேட்டேன். தோட்டத்தை விட்டுப் போகத் துண்டுச் சீட்டு வேண்டும். கணக்கப்பிள்ளை காரணம் கேட்டார்.

"மகளுக்காகப் போகணுமுங்க."

"எந்த மக? செக்ரோல் பேரேட்டுல அப்படி ஒரு பேரே இல்லையே."

"ஊருக்குப் போய்ட்டாளுங்க."

"அப்ப தோட்டத்துல இல்லாத ஆளுக்கு எப்படி நான் லீவு எழுதுறது? கொழுந்து வர்ற நேரத்துல கதை சொல்லாதே."

தோட்டத்தில் அவள் பேர் இல்லை. ஊரில் வேதத்திலும் இல்லை என்கிறீர்கள்.

7

இதுவரை எழுதினது என் மகளுக்காக. அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது.

அன்னம்மாளுக்கு வயதாகிவிட்டது. கொழுந்தெடுக்க முடியாததால் பிள்ளைக்காம்பிராவில் இருக்கிறாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தொட்டிலை ஆட்டுவதும் பால் கொடுப்பதும் அவள் வேலை. இந்தச் சேதியை அவளிடம் சொல்லக்கூடாது என்று சூசைக்குச் சொல்லிவைத்திருந்தேன். லயத்தில் சுவர் எதற்கு இருக்கிறது? எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பிரா வாசலில் என்னைக் கூப்பிட்டாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பனே, தெரேசாவ வாங்கிக்கச் சொல்லு. அது உசிரோட இருக்கு, இன்னொரு தண்ணிக்கு வழி இருக்கு."

"அக்கா, நீ ஊத்துனதுல ஒரு குத்தமும் இல்ல. அந்த ஆளு சொல்றது சாதிப் பேச்சு."

"நீ சொல்ற. அவரு படிச்சவரு. ஒனக்கே அவருதான் படிப்புச் சொன்னாரு." பிறகு, "செத்துப்போனதுக என்ன செய்யும்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். ஆரோக்கியத்தின் இரட்டைப்பிள்ளைகள். ஞானம்மாளின் தலைப்பிள்ளை. கழிச்சல் வந்த வருஷம் லயம் லயமாய்ப் போன குழந்தைகள். பேர்வைத்து, தண்ணீர் ஊற்றி, அவள் கையிலேயே கண் மூடினவை. ஒவ்வொன்றையும் தாய் பேர் சொல்லிச் சொன்னாள். ஒன்றையும் மறக்கவில்லை. அவை மோட்சத்தில் இருக்கின்றன என்று இத்தனை வருஷமும் நம்பி அந்தத் தாய்மார் அழுகையை அடக்கிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகளை ஓடைக்கு மேலே ஒரு சரிவில் புதைத்தோம். பின்னால் அங்கேயும் தேயிலை வைத்துவிட்டார்கள். அந்த மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் நானும் ஒருவன்.

"என் கை ஆகாதுன்னா, அதுகளுக்கு ஒண்ணும் ஆகலியே அப்பனே. அதுக எங்க நிக்கும்?"

நான் சமாதானம் சொன்னேன். கத்தியும் சொன்னேன். பதுளைச் சுவாமியார் சொன்னதைச் சொன்னேன். அவர் செத்துப் பல காலமாயிற்று. புதிதாய் வந்தவர் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மேட்டு லயத்தில் சூசையின் பங்காளி மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. அவர்களும் நம்மூர்ச் சனம், புதிதாய் வந்தவர்கள். மாதம் நிறையாத பிள்ளை. மூச்சு வாங்கியது. அன்னம்மாளைக் கூப்பிட ஓடினார்கள். அவள் வந்தாள். தண்ணீரைக் கையில் எடுத்தாளாம். எடுத்தபடியே நின்றாளாம்.

"ஊத்தாத்தா" என்றிருக்கிறாள் பிள்ளை பெற்றவள்.

"என் கை ஆகாதாம்மா. வேற யாராச்சும் ஊத்துங்க."

அறையில் மூன்று நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் துணியவில்லை. கோவிலில் நடந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். தப்பான கை ஊற்றினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தார்கள். நீ ஊற்று, நீ ஊற்று என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிட்டது. மலையிலிருந்த எனக்கு ஆள் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போனபோது பிள்ளையைத் துணியில் சுற்றிவிட்டார்கள். அன்னம்மாள் கையில் தண்ணீர்ப் போணியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வா என்றேன். வரவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை. தகப்பன் என்னிடம் கேட்டான், "மாமா, எங்கே பொதைக்கிறது? மத்தப் பிள்ளைகளோட வைக்கலாமா?" என்று.

அன்றிலிருந்து அன்னம்மாள் கொட்டிலுக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு நாங்கள் போகும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். பட்டினி மட்டும் கிடக்கிறாள். ஒருவேளைச் சோறும் இறங்கவில்லை. மதலேனாள் கஞ்சி கொண்டுபோய் வைக்கிறாள், அப்படியே திரும்பி வருகிறது. மதலேனாள் என்னிடம் இப்போது, தெரேசாள் இரண்டாந்தரம் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்வதில்லை.

8

சந்தியாகு உபதேசியாரே, நீர் ஒரு பெண்ணை வரிசையிலிருந்து தள்ளினீர், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பீர். கடல் தாண்டி, மலை ஏறி, உமது வார்த்தை இங்கே வந்து தண்ணீர் எடுத்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. நீர் என்ன நோன்பு இருந்தாலும், எத்தனை சிலுவைப்பாதை நடத்தினாலும், இந்தத் தபசுகாலத்தில் உம்மால் நடந்தது இதுதான்.

இது அச்சாகி வருமுன் பாஸ்கு கழிந்துவிடும் என்று தெரியும். என் மகள் பெரிய சனிக்கிழமை தண்ணீருக்குப் போயிருக்க மாட்டாள், அதுவும் தெரியும். அந்தக் கல்யாணம் நின்றால் நிற்கட்டும். அதற்காக நான் உம்மிடம் வரவில்லை.

இதை வாசித்து முடித்த அதே இடத்தில், அதே வாசலில், கிராதிக்கு இரண்டு பக்கத்தாரும் வெளியே வந்து நிற்கும்போது பதில் சொல்லும். எனக்கு ஓலை அனுப்ப வேண்டாம். சுவாமியார் காதில் சொல்ல வேண்டாம். அன்னம்மாள் ஊற்றினது ஞானஸ்நானமா, இல்லையா?

ஞானஸ்நானம் என்றால், அதை உம் வாயால் சொல்லி, என் மகளை அவள் இடத்தில் நீரே கொண்டுபோய் நிறுத்தும். இல்லை என்றால், அதையும் தைரியமாய்ச் சொல்லும். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. ஆரோக்கியத்தின் இரட்டைப்பிள்ளைகள் எங்கே, ஞானம்மாளின் தலைப்பிள்ளை எங்கே, போன வியாழக்கிழமை பேரில்லாமல் போன பிள்ளை எங்கே, அவை ஒவ்வொன்றும் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று, தாய்மாரின் பேரைச் சொல்லி, ஊர் கேட்கச் சொல்லும்.